விதைப்புக்கு முதல்நாள் வயலை மாற்றுவதா?

பல்கலைக்கழகத்தில் திங்கட்கிழமை அரையாண்டு தொடங்குகிறது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு இளம் விரிவுரையாளர் ஒருவருக்குத் துறை அலுவலகத்திலிருந்து தொலைபேசிச் செய்தி வருகிறது. மூன்று மாதங்களாக அவர் ஆயத்தஞ்செய்து வைத்திருந்த பாட அலகு வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அவர் இதுவரை கற்பித்தேயிராத மற்றொரு பாட அலகு அவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முதல் விரிவுரை. காரணம் கூறப்படவில்லை, எழுத்தில் எதுவும் தரப்படவில்லை. "எப்படியாவது சமாளித்துக்கொள்ளுங்கள்" என்பதே உத்தரவு, ஆறுதலும் அதுவே.

இது எந்தப் பல்கலைக்கழகத்தில் நடந்தது என்று வாசகர்கள் எம்மை வினவவேண்டியதில்லை. இந்நாட்டின் பல்கலைக்கழகங்களோடு சிறிதேனும் தொடர்புடைய எவரும் இதனைத் தமது துறையின் கதை என்றே எண்ணுவர். ஓரிடத்தில் பாட அலகு மாறுகிறது. இன்னோரிடத்தில் நாளும் நேரமும் மாறுகின்றன. வேறோரிடத்தில் வகுப்பே நிறுத்தப்படுகிறது. அதை நம்பி இன்னொரு வேலையை வேண்டாமென்று விட்டுவந்த வருகை விரிவுரையாளர் வெறுங்கையோடு பேருந்தேறுகிறார். கற்பிப்பவரைக் கேளாமலே கற்பித்தல் தீர்மானிக்கப்படுவதுதான் இவையனைத்துக்கும் பொதுவான நோய்.

மாற்றமே கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. எமது பல்கலைக்கழகங்களின் வரலாறே திடீர் மாற்றங்களின் வரலாறுதான். 1974 ஆகஸ்ட் 1ஆம் நாள் யாழ்ப்பாண வளாகம் நிறுவப்பட்டது. ஒக்டோபர் 6ஆம் நாள் அது திறந்துவைக்கப்பட்டது. இடையில் இருந்தவை இரண்டே மாதங்கள். பேராசிரியர் க. கைலாசபதியின் தலைமையில் பணியேற்றவர்கள் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரிக் கட்டடங்களிலும் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியின் ஒரு பகுதியிலும் வகுப்புகளை நடத்தினர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது பல்கலைக்கழகச் சமூகமும் அவர்களோடு பெயர்ந்தது. குறிப்பேடுகளைக் கையிலெடுத்தவர் சிலர். அதற்கும் இடமின்றிப் போனவர் பலர். 2020 மார்ச் மாதத்திற் கொள்ளைநோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. சில வாரங்களுக்குள்ளாகவே விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. கணினித் திரையில் மாணவர் முகத்தைக் காணாது பேசிப் பழகியிராத முதிய பேராசிரியர்களும் அதனைக் கற்றுக்கொண்டனர். 2022இல் எரிபொருள் கிடையாது போக்குவரத்து முடங்கியபோது மீண்டும் அதே வழி. இக்காலங்களில், "எமக்கு முன்னறிவித்தல் தரப்படவில்லை" என்று முறையிட்ட விரிவுரையாளரை நாம் அறியோம். நாட்டுக்கு வந்த துன்பத்திற் பங்குகொள்வதை அவர்கள் கடமையென்றே கொண்டனர்.

அந்தப் பொறுமைதான் இன்று தவறாகப் பயன்படுத்தப்படுகிறது. போரும் நோயும் கொண்டுவந்த அவசரத்தை அலுவலகத்து அசிரத்தை கொண்டுவரும் அவசரத்தோடு ஒன்றாகக் கட்டிவிடுகின்றனர். ஒரு பேராசிரியர் ஓய்வுபெறும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்னரே தெரிந்த நாள். ஒருவர் கல்வி விடுமுறையில் வெளிநாடு செல்வது பல மாதங்களுக்கு முன்னரே அனுமதிக்கப்பட்ட விடயம். புதிய மாணவர் அணி எப்போது வரும், எத்தனை பேர் வருவர் என்பவையும் வானத்திலிருந்து விழுகின்ற செய்திகள் அல்ல. இவற்றையெல்லாம் அறிந்திருந்தும் கடைசி வெள்ளிக்கிழமைவரை கைகட்டியிருந்துவிட்டு, "அவசரம்" என்று சொல்வது எவ்வகையில் நியாயம்?

அண்மைய ஆண்டுகளில் உண்மையான நெருக்கடியும் உண்டென்பதை மறுப்பது நேர்மையாகாது. 2021ஆம் ஆண்டின் உயர்தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022ஆம் ஆண்டுக்குரியது 2023இன் முதல் மாதங்களுக்குப் போயிற்று. 2023ஆம் ஆண்டுக்குரியது 2024 ஜனவரியில் நடந்தது. பள்ளிக்கூடத்திற் பிந்திய மாணவர் பல்கலைக்கழகத்துக்கும் பிந்தியே வருகின்றனர். வந்தபின் முன்னணியும் பின்னணியும் ஒரே மண்டபத்திலே நெருக்குண்கின்றன. 2024 மே மாதத் தொடக்கத்திலிருந்து கல்விசாரா ஊழியர் இரண்டு மாதங்களுக்கு மேலாக வேலைநிறுத்தஞ் செய்தனர். அவர்களுடைய கோரிக்கையின் நியாயம் வேறு விடயம். இழந்த வாரங்களை ஈடுசெய்ய அரையாண்டுகள் குறுக்கப்பட்டன. பதினைந்து வாரத்திற் கற்பிக்கவேண்டியதைப் பத்து வாரத்திற் கற்பிக்கும்போது அதன் சுமை யார் தோளில் இறங்குகிறது? நேரசூசி எழுதுபவரின் தோளில் அன்று.

ஒரு விரிவுரை என்பது ஒரு மணித்தியாலப் பேச்சு என்று எண்ணுவோர் இன்னும் உளர். ஊரிலும் அப்படித்தான் சொல்லுவார்கள்: "கிழமைக்கு எட்டு மணித்தியாலம் பேசுவதற்குச் சம்பளமா?" கமக்காரன் அறுவடை செய்கின்ற இரண்டு நாள்களை மட்டும் எண்ணி, "ஆண்டில் இரண்டு நாள் வேலைக்கு இத்தனை மூடை நெல்லா?" என்று கேட்பதற்கு ஒப்பான கேள்வி இது. உழவும் வரம்பு கட்டலும் களைபிடுங்கலும் இரவு நீர் பாய்ச்சலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. விரிவுரைக்கும் அத்தகைய உழவு உண்டு. அதிலும் தமிழிற் கற்பிப்பவருக்கு அது இருபோக உழவு.

இதனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். ஏனெனில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகளில் இவ்விடயம் வேலையாக எண்ணப்படுவதை நாம் கண்டதில்லை. 1945இல் ஆரம்பப் பாடசாலைகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. அந்தப் பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக ஏறி, 1960ஆம் ஆண்டிற் பேராதனைக்குள் முதன்முறையாகச் சுயமொழியிற் கற்கும் மாணவராக நுழைந்தனர். பதினைந்து ஆண்டுகள் கண்முன்னே நடந்துவந்த மாற்றம் அது. எனினும் வாயிலில் வந்து நின்றபோதுதான் பலர் விழித்துக்கொண்டனர். ஆங்கிலத்திலே படித்து, ஆங்கிலத்திலே பட்டம் பெற்று, ஆங்கிலத்திலே கற்பித்துவந்த பொருளியல், புவியியல், வரலாற்று ஆசிரியர்கள் தமிழிலும் சிங்களத்திலும் விரிவுரை செய்யவேண்டியவராயினர். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் ஒருபுறம் உதவின. அகராதியிற் சொல் கிடைத்தாலும் சொல்லை வைத்து வாக்கியம் அமைத்து, வாக்கியங்களை வைத்துச் சிந்தனையைக் கட்டியெழுப்பியவர்கள் ஆசிரியர்களே. இரவிலே எழுதிய குறிப்பைப் பகலிலே வாசித்தனர். மாணவர் எழுதியெடுத்த அக்குறிப்புகளே பின்னர் பாடநூலின் இடத்தைப் பிடித்தன.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கலைப்பீடங்களில் நிலைமை அடியோடு மாறிவிடவில்லை. ஆங்கிலத்திற் கற்பிப்பவர் புதிய பாட அலகொன்றைத் திடீரென ஏற்றாலும் நூலகத்தில் ஐந்து பாடநூல்களை எடுத்து மேசையில் வைக்கலாம். தமிழில் அரசறிவியலின் ஒரு புதிய பகுதியையோ சமூகவியலின் ஆய்வுமுறையையோ கற்பிக்கச் சொல்லப்பட்டவர் என்ன செய்வார்? ஆங்கில நூலை வாசிக்கவேண்டும், கருத்தைத் தமிழாக்கவேண்டும், சொல் இல்லாத இடத்திற் சொல்லைத் தேடவேண்டும், தமிழ்நாட்டு வழக்கும் இலங்கை வழக்கும் வேறுபடும் இடத்தில் எதனைக் கொள்வதென்று முடிவுசெய்யவேண்டும், மன்னாரிலும் மூதூரிலும் மடுல்சீமையிலும் இருந்து வந்த மாணவர் விளங்கிக்கொள்ள உதாரணங்களைக் கண்டுபிடிக்கவேண்டும். இத்தனையும் செய்து ஒரு பாட அலகை ஒழுங்காக அமைக்க ஓர் ஆண்டு போதாது. அதனை வெள்ளிக்கிழமை மாலையிற் பிடுங்கி வேறொன்றைக் கொடுத்தால், இரண்டு பாட அலகுகள் பாழாகின்றன: ஆயத்தமாயிருந்தது ஒன்று, ஆயத்தமில்லாதது ஒன்று. தமிழிலே உயர்கல்வி வேண்டுமென்று மேடைதோறும் முழங்குகின்றவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எமக்கு நினைவில்லை.

செய்முறைப் பாடங்களில் இந்தக் கேடு வேறு உருவில் வருகிறது. விவசாய பீடத்தில் மண்ணியலையோ களைக்கட்டுப்பாட்டையோ கற்பிப்பவருக்கு மண்டபம் மட்டும் போதாது, நிலம் வேண்டும். நிலத்தைப் பண்படுத்தவும் பயிரை நடவும் பருவம் வேண்டும். காலபோகத்து மழையோடு பொருந்தும்படி திட்டமிட்ட செய்முறையை மாசி மாதத்துக்குத் தள்ளிவிட்டு, "அதே பாடந்தானே" என்று கேட்பவர் வயலைக் கண்டவரல்லர். அம்மாணவர்கள் நாளை விவசாயப் போதனாசிரியராக உங்கள் ஊருக்கு வருவார்கள். மிளகாயில் இலைசுருண்டால் எதைத் தெளிப்பதென்று நீங்கள் அவர்களைத்தான் கேட்பீர்கள்.

இனி, இந்தச் சுமையைச் சுமப்பவர் யார் என்று பார்ப்போம். எல்லா விரிவுரையாளரும் ஒரே படியில் நிற்கவில்லை. சிரேட்ட விரிவுரையாளரும் பேராசிரியரும் நிரந்தரப் பதவியில் இருக்கின்றனர். தமக்கு ஒவ்வாத பாட அலகு வந்தால் துறைக் கூட்டத்தில் எழுந்து மறுக்க அவர்களால் இயலும். அவர்களுக்கு அடுத்தவர் தகுதிகாண் விரிவுரையாளர். குறித்த காலத்துக்குள் பட்டப்பின் தகைமை பெற்றாலன்றி அவருடைய பதவி நிலைப்படாது. ஆராய்ச்சிக்கு ஒதுக்கிய கோடைகாலம் மேலதிக வகுப்பிற் கரைந்தால் கரைவது அவருடைய எதிர்காலம். ஆயினும், தமது பெயரை உறுதிப்படுத்தப்போகின்றவரிடம் அவர் எப்படி "இயலாது" என்பார்? அவருக்கும் கீழே தற்காலிக விரிவுரையாளர். முதல் வகுப்பிற் சித்தியடைந்த இளைஞரும் யுவதியும் ஓராண்டுக்கோ அதனினும் குறைந்த காலத்துக்கோ நியமனம் பெறுகின்றனர். காலம் முடிந்ததும் வீட்டுக்குப் போய், மீண்டும் விளம்பரம் வரும்வரை காத்திருக்கின்றனர். எல்லாருக்கும் கீழே மணிக்கணக்கிற் கூலிபெறும் வருகை விரிவுரையாளர். விரிவுரை நடந்தால் பணம், நடவாவிடின் இல்லை. வினாத்தாள் எழுதியதற்கும் விடைத்தாள் திருத்தியதற்கும் உரிய கொடுப்பனவு எப்போது வருமென்று நிதியாளர் கிளையின் வாயிலில் நின்றறியவேண்டியவர் அவர்.

மேற்படியில் ஏற்படும் ஒவ்வோர் அசைவும் கீழ்ப்படியிற் போய் விழுகிறது. பேராசிரியர் ஒருவர் மாநாட்டுக்குப் போனால் அவருடைய வகுப்பு சிரேட்ட விரிவுரையாளரிடம் வருகிறது. அவருக்கு வசதியில்லையென்றால் தகுதிகாண் விரிவுரையாளரிடம் போகிறது. முடிவில் அது தங்குமிடம் மறுக்கும் உரிமையற்றவரிடம். வெள்ளிக்கிழமைத் தொலைபேசி அழைப்பு ஏன் எப்போதும் ஒருசிலருக்கே வருகிறது என்பதற்கு விடை இதுதான்.

விரிவுரையாளர் அனைவரும் துன்புறுவோர் என்றும் நிருவாகிகள் அனைவரும் துன்புறுத்துவோர் என்றும் நாம் சித்திரம் தீட்டவில்லை. நேரசூசியை மதியாத விரிவுரையாளரையும் நாம் அறிவோம். முல்லைத்தீவிலிருந்து விடியற்காலைப் பேருந்தேறி வந்த மாணவி மண்டபத்து வாயிலில் "இன்று விரிவுரை இல்லை" என்ற துண்டுக் கடதாசியைக் கண்டு திரும்புகின்றாள். அத்துண்டை ஒட்டியவர் நிருவாகியல்லர். தமது தனியார் வகுப்புக்காகவும் ஆலோசனை வேலைக்காகவும் பல்கலைக்கழக வேலையை வளைக்கின்ற ஒருசிலரால் முழு ஆசிரியர் குழாமும் பழிசுமக்கிறது. ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒன்று சொல்லியாகவேண்டும். 2012 யூலையிலிருந்து ஒக்டோபர் வரை ஏறத்தாழ நூறு நாள்கள் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் நாடளாவிய வேலைநிறுத்தம் நடத்தியது. கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தை ஒதுக்குக என்ற முழக்கம் காலியிலிருந்து கொழும்புவரை வீதியில் நடந்து சென்றது. அக்கோரிக்கையின் பெருமையைக் குறைக்க நாம் விரும்பவில்லை. அந்தப் பெருங் குரலினிடையே தற்காலிக விரிவுரையாளரின் சிறு குரல் எவ்வளவு கேட்டது என்பதைச் சங்கத் தலைவர்களே தம்மைத் தாம் கேட்டுக்கொள்ளட்டும்.

துறைத் தலைவர்களும் ஒரு விடை வைத்திருக்கின்றனர். அது கேட்கத்தக்க விடையே. 2022இன் பொருளாதார வீழ்ச்சிக்குப் பின்னர் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டு வெளியேறினர். கல்வி விடுமுறையிற் சென்றவர்களிலும் திரும்பாதோர் பலர். வெற்றிடம் நிரப்பத் திறைசேரியின் அனுமதி வேண்டும். அவ்வனுமதி எளிதில் வருவதில்லை. "ஆள் இல்லாத இடத்தில் இருக்கின்ற ஆளிடந்தானே கேட்கமுடியும்?" என்கின்றனர். உண்மை. கொழும்பில் உள்ள அமைச்சும் ஆணைக்குழுவும் ஏற்கவேண்டிய பொறுப்பைத் துறைத் தலைவரின் மேசையில் மட்டும் வைப்பது தகாது. ஆனால் ஆள் குறைந்த இடத்திலே முன்கூட்டித் திட்டமிடுவது இன்னும் அவசியம் என்பதையும் அவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். ஆறு பேர் செய்த வேலையை நால்வர் செய்யும்போது அந்நால்வரையும் ஓரிடத்தில் அமர்த்தி, "எவர் எதனை ஏற்பார், எதனை இவ்வாண்டு விட்டுவிடலாம்" என்று கேட்பதற்குத் திறைசேரி அனுமதி தேவையில்லை. ஒரு கூட்டமும் ஒரு தாளும் போதும்.

அப்படியொரு கூட்டத்துக்கு முன்மாதிரி தேடிக் கடல்கடக்க வேண்டியதில்லை. இரணைமடுக் குளத்தின் கீழே சிறுபோகஞ் செய்யும் கமக்காரரைக் கேளுங்கள். போகந் தொடங்குமுன் ஆரம்பக் கூட்டம் கூடுகிறது. அரசாங்க அதிபர் தலைமை வகிக்கிறார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் வருகிறார். கமநல அதிகாரிகளும் கமக்காரர் அமைப்புகளின் பிரதிநிதிகளும் வருகின்றனர். குளத்தில் எத்தனை அடி நீர் உண்டு, அதற்கு எத்தனை ஏக்கர் தாங்கும், எத்தனை மாத நெல்லை விதைப்பது, விதைப்பின் கடைசி நாள் எது, முதல் நீர் எப்போது, இறுதி நீர் எப்போது, கால்நடைகளை எந்நாளுக்குள் அப்புறப்படுத்துவது என்றெல்லாம் அங்கே பேசி முடிவுசெய்கின்றனர். வாக்குவாதம் இல்லாமலில்லை, சில ஆண்டுகளிற் கூச்சலும் உண்டு. நீர் குறைந்த ஆண்டிலே பங்கும் குறைகிறது. ஆயினும் குறைவது இன்னவளவு என்பது விதைக்குமுன் தெரிகிறது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட கமக்காரனுக்கு நீர்ப்பாசனச் சட்டம் கொடுத்துள்ள இந்த உரிமை, கலாநிதிப் பட்டம் பெற்றவருக்குப் பல்கலைக்கழகத்தில் இல்லை.

விதைப்புக்கு முதல்நாள் அரசாங்க அதிபர் தொலைபேசியில் அழைத்து, "உமது வயலை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டோம், நீர் போய் மேட்டுக்காணியில் வெங்காயம் நடும்" என்று சொன்னால் கிளிநொச்சியில் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் எண்ணிப்பார்க்கட்டும்.

உலகம் இவ்விடயத்தில் ஏதும் சொல்லாதிருக்கவில்லை. 1997 நவம்பர் 11ஆம் நாள் யுனெஸ்கோவின் பொது மாநாடு உயர்கல்வி ஆசிரியரின் தகுதிநிலை பற்றிய பரிந்துரையை ஏற்றது. வேலைப்பளு நியாயமானதாக இருக்கவேண்டும், கற்பித்தலையும் ஆராய்ச்சியையும் சரிவர ஆற்ற இடந்தரவேண்டும், பகுதிநேர ஆசிரியருக்கு முழுநேரத்தவரோடு ஒப்பிட்டு உரிய வீதத்தில் ஊதியமும் வசதியும் கிடைக்கவேண்டும் என்று அது கூறுகிறது. பரிந்துரை சட்டமாகாது, எனினும் அதனை எடுத்துக்காட்டிக் கேட்பதற்கு எவருக்கும் தடையில்லை. வட அமெரிக்காவிற் பல பல்கலைக்கழகங்களின் தொழிற்சங்க உடன்படிக்கைகளில், ஒப்புக்கொண்ட வகுப்பைக் கடைசி நேரத்தில் நிறுத்தினால் ஆசிரியருக்கு ஈட்டுத்தொகை கொடுக்கவேண்டுமென்ற விதி உண்டு. 2022இன் இறுதியில் நியூயோர்க் நகரத்து நியூ ஸ்கூலில் பகுதிநேர ஆசிரியர்கள் மூன்று வாரங்களுக்கு மேலாக வேலைநிறுத்தஞ் செய்தனர்; மண்டபத்துக்கு வெளியே செய்யும் வேலைக்கும் ஊதியம் உண்டு என்பதை நிருவாகத்தை ஏற்கச் செய்தே அவர்கள் வகுப்புக்குத் திரும்பினர். செல்வந்த நாட்டு வழக்கு இங்கே பொருந்தாது என்பர் சிலர். ஈட்டுத்தொகைக்குப் பணம் வேண்டும் என்பது சரி. முன்னறிவித்தலுக்கு என்ன பணம் வேண்டும்?

ஆகவே நாம் கேட்பவை பெரியவை அல்ல. அரையாண்டு தொடங்குவதற்குக் குறைந்தது எட்டு வாரங்களுக்கு முன்னர் ஒவ்வொரு துறையும் தற்காலிக விரிவுரையாளரையும் அழைத்துக் கூடவேண்டும். எவர் எதனைக் கற்பிப்பார் என்பது அக்கூட்டத்தில் எழுத்திலாகி, பீடச் சபைக்குப் போகவேண்டும். அந்நாளுக்குப் பின்னர் மாற்றம் வேண்டின் பீடாதிபதி காரணத்தை எழுதிக் கையொப்பமிடவேண்டும். மாற்றத்தை ஏற்பவருக்கு அவ்வரையாண்டில் வேறொரு சுமை குறைக்கப்படவேண்டும். புதிதாகத் தமிழில் அமைக்கப்படும் பாட அலகு வேலை மணிகளில் எண்ணப்படவேண்டும். அமைத்தவரிடமிருந்து அது குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு அவருடைய சம்மதமின்றிப் பறிக்கப்படலாகாது. தற்காலிக விரிவுரையாளரின் நியமனம் விரிவுரை முடியும் நாளோடன்றி விடைத்தாள் திருத்தி முடியும் நாளோடு முடியவேண்டும். இப்போது அவருட் பலர் நியமனம் முடிந்தபின் வீட்டிலிருந்து ஊதியமின்றித் திருத்துகின்றனர். இது கொடை அன்று, பறிப்பு. முறையீட்டுக்கு ஓரிடமும் வேண்டும். 1978ஆம் ஆண்டின் பல்கலைக்கழகங்கள் சட்டம் ஒரு மேன்முறையீட்டுச் சபையை வைத்திருக்கிறது. நியமனமும் பதவியுயர்வும் பதவிநீக்கமும் அங்கே போகலாம். வெள்ளிக்கிழமைத் தொலைபேசி அழைப்பை அங்கே எவர் கொண்டுபோவார்? பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இரண்டு வாரத்தில் விடைதரும் சிறிய குழுவொன்றை மூதவை அமைத்தாற் போதும்.

இதனால் விரிவுரையாளருக்கே நன்மை, எமக்கென்ன என்று கமக்கார வாசகர் எண்ணக்கூடும். காணியை ஈடுவைத்து மகனையோ மகளையோ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருப்போர் உங்களிற் பலர். இசட் புள்ளிக்காக இரண்டு மூன்று முறை பரீட்சை எழுதி, தரப்படுத்தலின் காயம் பட்ட ஒரு சமூகத்திலிருந்து போராடி உள்ளே போன பிள்ளைக்கு, முதல்நாள் இரவிலே தானும் படித்துக்கொண்டு வருபவர் கற்பிப்பதில் உங்களுக்குச் சம்மதமா? அவர் திறமையற்றவர் அல்லர். அவருக்கு நாள் கொடுக்கப்படவில்லை. மருத்துவரும் சட்டத்தரணியும் பொறியியலாளரும் ஆகிய எமது மற்றைய வாசகர்கள் பேரவைகளில் வெளியுறுப்பினராக அமர்ந்திருக்கின்றனர். கட்டட ஒப்பந்தங்களையும் வாகனக் கொள்வனவையும் மணிக்கணக்காக ஆராய்கின்ற அவர்கள், ஒரு கூட்டத்தில் அரைமணி நேரத்தை நேரசூசிக்குக் கொடுக்கலாம்.

அவர்கள் முதலிலே கேட்டறியவேண்டியது ஒன்றுண்டு. யாழ்ப்பாணம், வவுனியா, வந்தாறுமூலை, திருகோணமலை, ஒலுவில் ஆகிய இடங்களில் உள்ள ஒவ்வொரு பீடமும், கடந்த அரையாண்டில் அட்டவணை வெளியானபின் மாற்றிய பாட அலகுகள் எத்தனை, அவற்றை ஏற்றவர்களில் தற்காலிக விரிவுரையாளர் எத்தனை பேர், வருகை விரிவுரையாளருக்குக் கொடுபடாத நிலுவை எவ்வளவு என்ற மூன்று கணக்கையும் ஒரே தாளில் எழுதி அடுத்த பேரவைக் கூட்டத்தின் முன் வைக்கட்டும். நிலுவை இருப்பின் அடுத்த நேரசூசி வெளிவருமுன் அது கொடுத்துத் தீர்க்கப்படட்டும். அத்தாள் எமக்குக் கிடைக்குமாயின் இதே பக்கத்தில் அதனை முழுமையாக வெளியிடுவோம்.